கப்பற் பயணம்: விளம்பர விலையும் உண்மைச் செலவும்

ரொறன்ரோவில் குளிர் தொடங்கினால் எங்கள் வீடுகளில் கரிபியன் கப்பற் பயணம் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். "ஏழு இரவு, ஆளுக்கு 500 டொலர்" என்று ஒரு விளம்பரத்தைக் கண்டதும் பிள்ளைகள் கைத்தொலைபேசியை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். அந்த விலைக்குள் எவரும் போய்வருவதில்லை. ஆனாலும் முன்கூட்டியே கணக்குப் பார்த்தால், சாதாரண சம்பளத்தில் வாழும் குடும்பமும் கடன்படாமல் போய்வரலாம்.

விலையைப் பார்க்க முன், வீட்டில் உள்ள எல்லோருடைய பயண ஆவணங்களையும் மேசையில் எடுத்து வையுங்கள். இதை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். முதல் தடவை மலிவு விலையைக் கண்ட அவசரத்தில் திருப்பித் தரப்படாத முற்பணத்தைக் கட்டிவிட்டோம். பிறகுதான் அம்மாவின் நினைவு வந்தது. எங்களிடம் கனடியக் கடவுச்சீட்டு இருந்தது. அம்மாவிடம் அகதிகளுக்கான பயண ஆவணம் மட்டுமே. கப்பல் புளோரிடாவிலிருந்து புறப்படுவதால் அவருக்கு அமெரிக்க விசா வேண்டும். நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதற்குள் பயண நாள் கடந்துவிடும். அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கட்டிய காசு போனது போனதுதான்.

ஆகவே குடியுரிமை பெறாத ஒருவர் வீட்டில் இருந்தால் மூன்று விடயங்களைப் பாருங்கள். அமெரிக்க விசா பல தடவை நுழைய அனுமதிக்கிறதா? கப்பல் வெளியே போய்த் திரும்புவதும் ஒரு நுழைவுதான். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாடும் அந்த ஆவணத்தை ஏற்குமா? கனடாவுக்கு விமானத்தில் திரும்பக் காட்ட வேண்டிய நிரந்தர வதிவிட அட்டை காலாவதியாகாமல் இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பின்னரே முற்பணம்.

இனிக் கணக்கு. விளம்பரத்தில் உள்ள விலை, ஓர் அறையில் இருவர் தங்குவார்கள் என்று கொண்டு ஆளுக்குச் சொல்லப்படுவது. தனியே போகிறவர் பெரும்பாலும் ஏறக்குறைய இரண்டு பேருக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருக்கும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையலாம். துறைமுக வரியும் ஊழியர்களுக்கான அன்பளிப்பும் குறையாது. பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இந்த அன்பளிப்பு ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டொலர் வரை வருகிறது. பிள்ளைகளுக்கும் உண்டு.

உதாரணத்துக்கு நால்வர் கொண்ட குடும்பம், ஏழு இரவு என்று வைப்போம். முதல் இருவருக்கு 500 படி 1,000 டொலர். மற்ற இருவருக்கு 250 படி 500. துறைமுக வரி ஆளுக்கு 150 என்றால் 600. அன்பளிப்பு நாளுக்கு 18 படி 504. மொத்தம் 2,604 அமெரிக்க டொலர். பல கடனட்டைகள் வெளிநாட்டு நாணயத்துக்கு 2.5 சதவீதம் அறவிடுகின்றன. அது இன்னும் 65 டொலர். விமானச் சீட்டு, ஓர் இரவு ஹோட்டல், துறைமுகத்துக்கு வாகனம், காப்புறுதி ஆகியவற்றையும் அதே தாளில் எழுதிக் கூட்டுங்கள். வருகிற தொகைதான் விலை.

குறைக்கக்கூடிய இடங்களும் உண்டு. யன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு; நித்திரைக்கு அது போதும். கிறிஸ்மஸ், மார்ச் விடுமுறை வாரங்களில் விலை ஏறும். மார்கழி மாதத்தின் முதல் இரு கிழமைகள் மலிவாக இருப்பது வழக்கம். புயற்காலமும் கார்த்திகை 30 உடன் முடிந்துவிடும். பிரதான உணவகத்தில் சாப்பாடு கட்டணத்துக்குள் அடங்கும். மரக்கறி உணவு வேண்டுமானால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். மதுபானம், இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் தனிக்கணக்கு. நசாவு துறைமுகத்தில் இறங்கினால் சுற்றுலாப் பொதி வாங்காமலே கடற்கரைக்கு நடந்து போகலாம். கடலில் கைத்தொலைபேசியை விமான நிலையில் வைத்திருங்கள்; கப்பலின் செல்பேசிச் சேவைக்கான கட்டணம் கடுமையானது.

இரண்டு இடங்களில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒன்று, முதல் நாளே போய் இறங்குவது. விமானம் பிந்தினால் கப்பல் காத்திருக்காது. மற்றது மருத்துவக் காப்புறுதி. ஒன்ராறியோவின் ஓகிப் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கினால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலரே தரும். முதியவர்களின் பழைய நோய்களையும் மருந்துகளையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் காப்புறுதி கைகொடுக்காது.

அம்மா குடியுரிமை பெற்ற பிறகு, இரண்டு வருடம் மாதாமாதம் சேர்த்த காசில் எல்லோருமாகப் போனோம். 1990 இல் மன்னாரிலிருந்து இரவோடிரவாக மீன்பிடிப் படகில் இராமேஸ்வரம் போனவர் அவர். கப்பலில் ஏறியதும் சாப்பாட்டைப் பார்க்கவில்லை, நீச்சல் தடாகத்தைப் பார்க்கவில்லை. "தம்பி, ஆபத்தெண்டால் இறக்கிற படகு எங்க கிடக்கு?" என்றுதான் கேட்டார். புறப்பட முன் எல்லோருக்கும் கட்டாயமான பாதுகாப்புப் பயிற்சியில் அந்த இடத்தைக் காட்டினார்கள். அதன் பிறகே அம்மா நிம்மதியாகச் சாப்பிட வந்தார். உங்கள் வீட்டு முதியவர்களுக்கும் அதை முதலில் காட்டிவிடுங்கள்.