கட்டிடத்தைக் காக்கும் ஒரு சுவிட்ச்

திருநெல்வேலியில் இருந்து மதுரை செல்லும் சாலையில் உள்ளது, கங்கைகொண்டான். சிப்காட் தொழிற்பேட்டையும், எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் இங்கே இருக்கின்றன.

இத்தகைய பெரிய கட்டிடங்களில் லிப்ட் ஏறி இறங்குவதையும், அறை குளிர்வதையும் கவனிக்க ஆபரேட்டர் இருக்கிறார். அவருடைய முக்கியப் பொறுப்பு, தீயணைப்புப் பம்பு.

மாடிக் கட்டிடத்தில் தீ பரவினால் என்ன ஆகும் என்பதை 1975-ம் ஆண்டு சென்னை எல்.ஐ.சி. கட்டிடத் தீ விபத்து காட்டியது.

மூன்று பம்புகள்

தீயணைப்புக் குழாயில் தண்ணீர் எப்போதும் அழுத்தத்துடன் நிற்க வேண்டும். அழுத்தம் சற்றுக் குறைந்தால், "ஜாக்கி" என்ற சிறிய பம்பு ஓடிச் சரிசெய்யும். தீயை அணைக்கக் குழாயைத் திறந்தால் அழுத்தம் மளமளவென்று இறங்கும். உடனே பெரிய மின்சாரப் பம்பு ஓடும். மின்சாரம் இல்லையா? டீசல் பம்பு ஓடும்!

ஜாக்கி பம்பு அடிக்கடி ஓடுகிறதா? எங்கோ தண்ணீர் கசிகிறது. சத்தத்தைக் கேட்டே ஆபரேட்டர் இதைக் கண்டுபிடித்து விடுவார்.

மறந்தால் ஆபத்து

பம்புகளின் சுவிட்ச் "ஆட்டோ"வில் இருக்க வேண்டும். சோதனை செய்து பார்ப்பதற்காக அதைத் திருப்பியவர், மீண்டும் "ஆட்டோ"வில் வைக்க மறந்தால், தீப்பிடிக்கும்போது பம்பு தானாக ஓடாது.

ஆகவே, நல்ல ஆபரேட்டர் பம்பு அறையைப் பூட்டும் முன் அந்த சுவிட்சை இன்னொரு முறை பார்ப்பார். மாடியில் வேலை செய்பவர்களின் உயிர் அதில் இருக்கிறது.