ஆங்கில மடலின் முதற்சொல்



ஆங்கிலத்தில் மடல் வரையப் புகும் நம்மவர் பலர் முதல் வரியிலேயே தயங்கி நிற்பர். முன்பின் அறியாத அதிகாரியை ‘டியர்’ என விளிக்கலாமோ என்பது அவர்தம் ஐயம். அச்சொல்லுக்கு ‘அன்புக்குரிய’ என்று அகராதி பொருள் கூறுமெனினும், மடலின் தலைப்பில் அது வெறும் வழக்கே. கடனைத் திருப்பித் தராதவருக்குச் சட்டத்தரணி விடுக்கும் கடிதமும் ‘டியர் சேர்’ என்றே தொடங்கும். இதனை அறியாது ‘ரெஸ்பெக்டட் சேர்’ என்று எழுதுவாருளர். நம் நாட்டிலும் இந்தியாவிலும் அது செல்லும். இங்கிலாந்திலோ பழகாத தொடர். குற்றமன்று, ஆயினும் இயல்பாக ஒலியாது.

பெயர் தெரியாதவிடத்து ‘டியர் சேர் ஓர் மடம்’ எனத் தொடங்கி ‘யுவர்ஸ் பெயித்புல்லி’ என முடிப்பதும், தெரிந்தவிடத்து ‘டியர் மிஸ்டர்’ என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்து விளித்து ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என முடிப்பதும் பிரித்தானிய மரபு. அமெரிக்கர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தார். பெண்மணியொருவர் மணமானவரா என ஆராய்வது நம் வேலையன்று. எம், எஸ் என்னும் ஈரெழுத்து அடைமொழியே போதும். நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழும் 1986ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது.

இடர்ப்பாடு மிகுவது பெயரிலேதான். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் இறுதியில் நிற்கும். நமக்கோ தந்தை பெயர் முன்னும் தம் பெயர் பின்னும் வரும். ‘சேர்’ பட்டம் பெற்றவரை முதற்பெயரால் விளித்தல் வேண்டுமென்பது ஆங்கில விதி. அதனைப் பிசகாது கைக்கொண்டால், பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் என்னும் உடன்பிறந்தார் இருவருமே ‘டியர் சேர் பொன்னம்பலம்’ ஆகிவிடுவர். அது அவர்தம் தந்தையார் பெயரன்றோ! பிறநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவருக்கும் தந்தை பெயரால் விளித்து மறுமொழி வருவதுண்டு. ஆதலின், எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகின்றீர்கள் என்பதை மடலின் அடியில் ஒரு வரியாற் குறித்துவிடுங்கள். பிறருக்கு எழுதுங்கால் அவர் ஒப்பமிட்ட பெயரை எழுத்துப் பிழையின்றி எடுத்தாளுங்கள். பெயரைப் பிழையாக எழுதியபின் எத்துணைப் பணிவான சொல்லும் பயன் தராது.

மின்னஞ்சலில் ‘ஹலோ’, ‘ஹாய்’ என்பன இன்று பெருவழக்கு. எனினும் முதன்முறை எழுதுகையில் ‘டியர்’ என்றே தொடங்குதல் நன்று. மறுமொழியில் அவர் தம் முதற்பெயரை மட்டும் ஒப்பமிட்டிருப்பின், அடுத்த மடலில் அப்பெயரால் விளிக்கலாம். ‘குட் மோர்னிங்’ என்பதை மட்டும் நான் தவிர்ப்பேன். கொழும்பிலே காலை 7 மணிக்கு அனுப்பிய அஞ்சல் நியூயோர்க்கை அடைகையில் அங்கே முந்திய நாள் இரவு.