நீர்மேல் ஏறி ஓடும் சிறு படகு

ரேடியோ கருவியால் கரையில் நின்றபடி ஓட்டும் மாதிரிப் படகுகளில் வேகப் படகு தனி இனம். அசல் கப்பலைப் போலவே தோன்ற வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. இரண்டடி நீளம், ஒன்றரைக் கிலோ அளவில் எடை, மணிக்கு 40 கி.மீ. வேகம் என்பது வீட்டிலேயே கட்டத் தொடங்குபவர் எட்டக்கூடிய இலக்கு. இந்தக் கலைக்கு வயதும் உண்டு. 1898-ல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் நிகோலா டெஸ்லா கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டியது ஒரு சிறு படகைத்தான். அதே ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மாதிரிக் கப்பல் விளையாட்டுக்கான உலக அமைப்பான நவிகா 1959-ல் தோன்றியது. இந்தியாவில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவு மாணவர்கள் கூடும் நௌ சைனிக் முகாமில் கப்பல் மாதிரி கட்டுவது ஒரு போட்டியாகவே நடக்கிறது.

மிதக்கும் படகு நகரும்போது நீரைத் தள்ளி அலை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலை நீளமும் படகின் நீளமும் ஒன்றாகும்போது படகு தன் அலைப் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.25-ஆல் பெருக்கினால் இந்த எல்லை வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 60 செ.மீ. படகுக்கு இது மணிக்கு ஏறத்தாழ 3.5 கி.மீ.தான்; ஒருவர் நிதானமாக நடக்கும் வேகம். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு நீரைப் பிளந்துகொண்டு போகாமல் நீரின்மேல் ஏறி ஓட வேண்டும். கடலூர் தேவனாம்பட்டினத்தில் அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு சுமையில்லாமல் கிளம்பும்போது அணியம் எனப்படும் முன்பகுதி உயர்ந்து, பிறகு படகு முழுவதும் மேலெழுந்து சமநிலைக்கு வருவது இதனால்தான். வலையும் மீனுமாக நிறைந்து திரும்பும்போது அதே படகால் அப்படி எழ முடிவதில்லை. எடையைக் குறைப்பது வேகப் படகின் முதல் விதியானது இப்படித்தான்.

சிறிய படகின் வேகத்தைப் பெரிய படகின் வேகத்தோடு ஒப்பிட வழி சொன்னவர் வில்லியம் ஃப்ரூட். இங்கிலாந்தின் டார்க்கீ ஊரில் 1872-ல் நீண்ட தொட்டி கட்டி, கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதித்தவர் அவர். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும் அத்தகைய இழுவைத் தொட்டி இருக்கிறது. ஃப்ரூட் விதிப்படி வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். 60 செ.மீ. மாதிரி மணிக்கு 40 கி.மீ. ஓடுவது, 6 மீட்டர் படகு 126 கி.மீ. வேகத்தில் பறப்பதற்குச் சமம். அந்த வேகத்தில் நீர் கல்லைப் போலத்தான் நடந்துகொள்ளும். அடிப்பகுதியில் உள்ள சிறு பிசகும் படகைத் தூக்கி எறியும்.

முதல் முயற்சிக்கு ஏற்றது வி வடிவ அடிப்பாகம். ஏரா எனப்படும் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 18 முதல் 20 பாகை வரை சரிந்து உயரும் அடிப்பலகைகள் சிற்றலையை வெட்டிக்கொண்டு போகும். சரிவு குறைந்தால் வேகம் கூடும், ஆனால் படகு துள்ளும். அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் விளிம்பு கூராக இருந்தால்தான் தெறிக்கும் நீர் பக்கத்தில் ஏறாமல் விலகிப் போகும். முன்பாதியில் வளைவு இருக்கலாம். பின்பாதி நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும். புதிதாகக் கட்டுவோர் பெரிய மோட்டாரைத் தேடி அலைவதுண்டு. வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அடிப்பாகத்தின் இந்தக் கடைசி ஒரு சாண் பரப்புதான். படகைக் கவிழ்த்து, எஃகு ஸ்கேலை நெடுக்குவாக்கில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஸ்கேலின் நடுவே ஒளி கசிந்தால் அங்கே குழி இருக்கிறது. அது ஓட்டத்தில் பின்பக்கத்தைத் தூக்கி அணியத்தை அமுக்கும். ஸ்கேல் நடுவில் தட்டி இரு முனையும் ஆடினால் மேடு; அது பின்பக்கத்தை நீருக்குள் இழுக்க, அணியம் மேலும் கீழுமாகக் குதிக்கும். பின்பலகையோடு அடிப்பாகம் முடியும் ஓரத்தை அழகுக்காக உருட்டிவிடக் கூடாது. உருண்ட ஓரத்தில் நீர் ஒட்டிக்கொண்டு மேலேறிப் படகைப் பின்னுக்கு இழுக்கும். கத்தி முனைபோல் முடிந்தால் நீர் பட்டென்று அறுந்து விலகும்.

ஒரே ஒரு படகு போதும் என்றால் மெல்லிய பிளைவுட் போதும்: குறுக்குச் சட்டங்களை வெட்டி நிறுத்தி, 1.5 மி.மீ. பலகையை ஒட்டி, மேலே கண்ணாடி இழைத் துணி போர்த்தி எபாக்சி ரெசின் பூசலாம். அதே வடிவம் பலமுறை வேண்டுமென்றால் அச்சு எடுப்பதே வழி. அதற்கு முதலில் படகின் வடிவத்திலேயே ஒரு கட்டையைச் செதுக்க வேண்டும். பண்ருட்டிப் பகுதியில் கட்டுபவருக்கு இங்கே கைகொடுப்பது பலாமரம். மிருதங்கத்துக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் குடையப்படும் இந்த மரம் உளிக்கு வசமாகும், தேய்த்தால் வழவழப்பாகும். படகின் உடலுக்கு அது கனம்தான். ஆனால் அச்சுக்கான கட்டை மிதக்க வேண்டியதில்லையே. கட்டையை மெருகேற்றி மெழுகு பூசி, அதன்மேல் ஃபைபர் அச்சு வார்த்து, அந்த அச்சுக்குள் படகின் உடலைப் படியப் படிய ஒட்டி எடுக்கிறார்கள்.

முறை ஃபைபர் மீன்பிடிப் படகு கட்டுவதேதான். பொருள் மட்டும் மாறுகிறது. பெரிய படகுக்குத் தடித்த இழைப் பாயும் பாலியெஸ்டர் ரெசினும் போதும். மாதிரிக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 160 கிராம் வரையான மெல்லிய நெசவுத் துணியும் எபாக்சியும் வேண்டும். துணியில் ரெசின் ஊறினால் போதும். தேங்கி நிற்பதெல்லாம் வலிமை தராத வெறும் எடை. எபாக்சிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும், எபாக்சி கரைக்காது. கவிழ்ந்தாலும் படகு மூழ்காதிருக்க அணியத்துக்குள் தெர்மாகோல் அடைப்பது வழக்கம் என்பதால் இது முக்கியம். பண்ருட்டி முந்திரிக்கும் இதில் ஓர் உறவு இருக்கிறது. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயில் உள்ள கார்டனால் என்ற பொருளிலிருந்து எபாக்சியை இறுக வைக்கும் ஒருவகைக் கலவை தயாராகிறது. ஈரக்காற்றிலும் இறுகும் தன்மையால் கப்பல் வண்ணப்பூச்சுகளில் அதற்கு நல்ல மதிப்பு.

உடல் தயாரானதும் இயக்கம். தூரிகையில்லா மோட்டாரின்மேல் எழுதியிருக்கும் கேவி எண், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைச் சொல்கிறது. 2000 கேவி மோட்டாருக்கு 11.1 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி கொடுத்தால் 22,200 சுற்று. நீரின் பாரம் ஏறியதும் அது 18,000-க்குச் சற்றுக் கீழே இறங்கும். 36 மி.மீ. விட்டமுள்ள புரொப்பெல்லரின் ஏற்றம் விட்டத்தைப்போல 1.4 மடங்கு என்றால், ஒரு சுற்றுக்கு அது 50 மி.மீ. முன்னேற வேண்டும். கணக்குப்படி மணிக்கு 53 கி.மீ. வரும், நீரில் வழுக்குவது கால் பங்கு போக 40 கி.மீ. மிஞ்சும்.

வேகப் படகின் புரொப்பெல்லர் பாதி நீருக்குள்ளும் பாதி காற்றிலுமாகச் சுழல்வது முதலில் வியப்பாகவே இருக்கும். தண்டும் அதைத் தாங்கும் பகுதியும் நீருக்கு மேலே இருப்பதால் அவற்றின் இழுவை இல்லாமல் போகிறது. மோட்டாரிலிருந்து அங்கே சுழற்சியைக் கொண்டுபோவது, பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பீடாமீட்டர் கேபிளைப் போன்ற முறுக்குக் கம்பி. பாரம் ஏறும்போது இது இறுகிச் சற்றே குறுகும். ஆகவே தாங்கிக்கும் புரொப்பெல்லர் பிடிக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் உராய்ந்து சூடேறும். கம்பி இறுகும் திசையில்தான் மோட்டார் சுழல வேண்டும், எதிர்த்திசையில் சுழன்றால் முறுக்கு அவிழும்.

50 ஆம்பியர் ஓடினால் 550 வாட். 3000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இதனால் எழும் வெப்பம் மூடிய படகுக்குள் தங்கக் கூடாது. சுக்கானில் உள்ள சிறு துளை வழியே ஓட்டத்தின் விசையாலேயே நீர் ஏறி, மோட்டாரையும் இ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் சுற்றிக் குளிர்வித்து, பக்கவாட்டில் பீறிட்டு வெளியேறும். அந்தத் தாரை கரையிலிருந்து கண்ணில் படும்படி துளையிடுவது நல்லது. தாரை நின்றால் படகை உடனே கரைக்குக் கொண்டுவரலாம். ரேடியோ கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. நீர் இந்த அலையை விழுங்கிவிடும் என்பதால் ரிசீவரின் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும்.

நீரில் விடுமுன் எடையின் மையத்தைப் பார்க்க வேண்டும். பேட்டரியோடு சேர்த்து, பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 விழுக்காடு தொலைவில், அதாவது 60 செ.மீ. படகுக்கு 18 செ.மீ. அளவில், இரு விரல்களில் தூக்கினால் படகு கிடைமட்டமாக நிற்க வேண்டும். மையம் மிகவும் பின்னால் போனால் அணியம் காற்றில் எழும்பிப் படகு மல்லாந்துவிடும். முன்னால் போனால் படகு நீரில் ஒட்டிக்கொண்டு மெதுவாகும். பேட்டரியை விரலளவு நகர்த்தியே இதைச் சரிசெய்யலாம். வலப்பக்கப் பின்பலகையில் பொருத்தும் மெல்லிய உலோகத் தகடு, வலப்புறம் வளைத்துத் திருப்பும்போது படகு சறுக்காமல் நீரைப் பிடித்துக்கொள்ளும்.

கடலூர்க் கரையில் பிற்பகலில் கடற்காற்று எழும். ஆகவே காலை நேரத்துக் குளமே ஓட்டத்துக்கு ஏற்றது. ஆகாயத்தாமரை படர்ந்த ஏரி ஆகாது, தண்டில் சுற்றிக்கொள்ளும். குளிப்பவர்களும் மாடுகளும் இருக்கும் துறையிலும், பறவைகள் அடையும் பிச்சாவரத்து அலையாத்தி வாய்க்கால்களிலும் இந்த வேகத்தில் சுழலும் புரொப்பெல்லரைக் கொண்டுபோவது தகாது. உப்பனாற்றின் உவர்நீரில் ஓட்டினால், அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, குளிர்விக்கும் குழாயிலும் நல்ல நீரைச் செலுத்தி, முறுக்குக் கம்பியை உருவித் துடைத்துக் கிரீஸ் தடவி, மூடியைத் திறந்து காயவைக்க வேண்டும். பேட்டரியை வெளியே எடுத்து, ஆறிய பிறகே சார்ஜ் போட வேண்டும்.