நாங்கள் செய்த பாட்டுப் பெட்டி

இன்பத்திலும் துன்பத்திலும் மனிதனுக்கு உற்ற துணையாய் விளங்குவது இசை. 1877-ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். அன்று முதல் இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு எனப் பல வடிவங்களைக் கடந்து, இன்று பாட்டெல்லாம் கைப்பேசிக்குள் வந்து குடியேறிவிட்டது. அப்படியிருக்கத் தனியாக ஒரு பாட்டுப் பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் அறிவியல் மன்றத்திலும் முதலில் எழுந்த கேள்வி இதுவே.

எதற்காகச் செய்தோம்?

எங்களுள் ஒருத்தியின் பாட்டியிடம் ஒன்பது கேசட்டுகள் இருந்தன. 1980-களில் மஸ்கட்டில் வேலை பார்த்த தாத்தா, கடிதம் எழுதுவதற்குப் பதிலாகத் தம் குரலைப் பதிந்து, ஊருக்கு வருவோர் கையில் கொடுத்தனுப்பியவை அவை. தாத்தா இப்போது இல்லை. வீட்டிலிருந்த டேப் ரிக்கார்டரும் பழுதாகிவிட்டது. பாட்டிக்கோ பார்வை மங்கிவிட்டது. கைப்பேசியின் வழுவழுப்பான கண்ணாடியில் எங்கே தொடுவது என்று அவருக்குத் தெரிவதில்லை. அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். "ஒரு பொத்தானை அமுக்கினால் பேச வேண்டும், பாட வேண்டும். அது போதும் எனக்கு" என்றார் பாட்டி. அந்த ஒரு வாக்கியமே எங்களுக்குத் திட்டமாயிற்று.

ஒலி எண்ணாவது எப்படி?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. மைக் அந்த அதிர்வை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுகிறது. கேசட்டில் அந்த ஏற்ற இறக்கம் காந்தப் பதிவாக நாடாவில் அமர்ந்திருக்கும். டிஜிட்டல் முறையில் அதே ஏற்ற இறக்கத்தை இடைவிடாமல் அளந்து எண்களாக எழுதி வைக்கிறார்கள். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 முறை இப்படி அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது.

ஏன் 44,100 முறை? மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்க வல்லது. ஓர் அதிர்வைத் தவறின்றித் திரும்பப் பெற, அதன் எண்ணிக்கையைப் போல் இருமடங்குக்கும் மேலாக அளக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928-லும் கிளாட் ஷானன் 1949-லும் வெளியிட்ட கட்டுரைகள் இதற்கு அடிப்படை. வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். புள்ளிகள் போதிய நெருக்கத்தில் இருந்தால், கோடு எந்த வழியே வளைய வேண்டும் என்பதில் ஐயம் இராது. அளந்து எழுதுவது புள்ளி வைப்பது. அதைத் திரும்ப ஒலியாக்குவது கோடு இழுப்பது.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்த்தோம். ஓர் அளவுக்கு 2 பைட்டு, இடம் வலம் என இரு தடங்கள், வினாடிக்கு 44,100 அளவுகள். இப்படிப் பெருக்கினால் ஒரு நிமிட ஒலிக்கு 1 கோடியே 5 லட்சத்து 84 ஆயிரம் பைட்டுகள் ஆகின்றன. 60 நிமிடக் கேசட் ஒன்றுக்கு 63 கோடிக்கும் மேல்! இடத்தைக் குறைக்க வழிகள் உண்டு. எம்.பி.3 முறை, செவிக்குப் புலப்படாது என்று கருதும் பகுதிகளைக் கழித்து விடுகிறது. 2001-இல் வெளிவந்த ஃபிளாக் முறையோ ஓர் எண்ணைக்கூட இழக்காமல், பெரும்பாலும் பாதி அளவுக்குச் சுருக்குகிறது. தாத்தாவின் குரலில் எதையும் கழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே ஃபிளாக் முறையையே தேர்ந்தெடுத்தோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெட்டியின் மூளை ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி 2012-இல் வெளிவந்த இச்சிறு கணினி, ஏறக்குறைய சீட்டுக்கட்டின் ஒரு சீட்டளவே இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது அதன் 3 பி பிளஸ் வகை. அதிலேயே காதில் மாட்டும் கருவிக்கான துளை இருந்தாலும், அதில் வரும் ஒலி அவ்வளவு தெளிவாக இராது. ஆகவே எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் பிசிஎம் 5102ஏ என்ற சில்லு பொருத்திய சிறு பலகை ஒன்றை வாங்கினோம்.

கணினியிலிருந்து இப்பலகைக்கு எண்கள் மூன்று கம்பிகளில் செல்கின்றன. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1986-இல் வகுத்த முறை இது. நமது விளையாட்டு விழா அணிவகுப்பை எண்ணிப் பாருங்கள். முரசு தாளம் கொடுக்கும். தலைவி "லெஃப்ட், ரைட்" என்பாள். பெண்கள் நடப்பார்கள். அதுபோல ஒரு கம்பி தாளம் தட்டுகிறது. மற்றொன்று "இது இடப்பக்கம், இது வலப்பக்கம்" என்கிறது. மூன்றாவதில் எண்கள் நடந்து செல்கின்றன. ராஸ்பெர்ரி பையில் இவற்றுக்குரிய முனைகள் முறையே 12, 35, 40.

எல்லாவற்றையும் சால்டரிங் செய்து முடித்து ஆவலோடு இயக்கினோம். வந்ததோ வெறும் இரைச்சல்! இரண்டு நாள் தேடிய பின்பே பிழை புரிந்தது. பலகையில் எஸ்.சி.கே. என்று எழுதியிருந்த முனையை வெறுமனே விட்டிருந்தோம். அதை எர்த் முனையோடு இணைத்ததும், சில்லு தனக்கு வேண்டிய உள்தாளத்தைத் தானே உண்டாக்கிக் கொண்டு தெளிவாகப் பாடிற்று. ஒரு துளி ஈயம் செய்த வேலை அது.

இச்சில்லிலிருந்து வரும் மின்னழுத்தம் 2 வோல்ட் அளவே. அது ஸ்பீக்கரை இயக்கப் போதாது. ஆகவே வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிபையரோடு இணைத்தோம். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அதிலேயே குமிழ் உண்டு. பாடல்களை இயக்குவது எம்.பி.டி. என்னும் இலவச நிரல். பெட்டி தனித்து இயங்குவதால் இணையம் தேவையில்லை. விளம்பரமும் குறுக்கே வராது.

பொத்தான்கள் மூன்று. ஒன்று இயக்கவும் நிறுத்தவும், மற்றொன்று அடுத்ததற்குச் செல்ல, மூன்றாவது பெட்டியை முறையாக அணைக்க. பாட்டி தடவிப் பார்த்தே அறியும்படி முதல் பொத்தானில் ஒரு புளியங்கொட்டையை ஒட்டினோம். கூடாக அமைந்தது நம் பள்ளியின் பழைய மரச் சாக்பீஸ் பெட்டி. சூடு வெளியேறப் பக்கங்களில் துளையிட்டோம். செய்ய விரும்பும் தோழியர் ஒன்றை மறவாதிருங்கள்: ராஸ்பெர்ரி பையின் பொத்தான் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. தவறி 5 வோல்ட் கொடுத்தால் கணினியே கெட்டுவிடும்.

நாங்கள் கற்ற பாடம்

இரவல் வாங்கிய டேப் ரிக்கார்டரில் ஒன்பது கேசட்டுகளையும் ஓடவிட்டு, கணினியில் பதிந்து, பெட்டியிலிருந்த நினைவு அட்டையில் ஏற்றினோம். பாட்டி கேட்டார், அழுதார், சிரித்தார். மூன்றாம் நாள் மாலை மின்சாரம் நின்றது. திரும்ப வந்தபோது பெட்டி வாய் திறக்கவில்லை. அட்டையில் ஏதோ எழுதப்பட்டுக் கொண்டிருந்த வேளையில் மின்சாரம் போனதால் அதிலிருந்த அனைத்தும் பாழாகிவிட்டன. கணினியில் இருந்த பிரதியையோ, இடம் போதவில்லை என்று நாங்களே அழித்திருந்தோம்! "அவர் குரல் மறுபடியும் போயிடுச்சா, கண்ணு?" என்று பாட்டி கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

நல்ல வேளையாகக் கேசட்டுகளைத் தூக்கி எறியவில்லை. மீண்டும் முதலிலிருந்து பதிந்தோம். ஆனால் இம்முறை ஆறாவது கேசட்டின் நாடா உருளையில் சிக்கிக் கசங்கிவிட்டது. கசங்கியது ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுவதால், நாங்கள் இழந்தது நான்கே வினாடிகள். நான்கு வினாடியில் ஒரு மனிதர் ஒரு வாக்கியம் பேசிவிடலாம் அல்லவா?

அதன் பிறகு பெட்டியைத் திருத்தி அமைத்தோம். இயங்கும்போது நினைவு அட்டையில் எதுவும் எழுதாதபடி அதனைப் பூட்டினோம். பாடல்களையும் குரலையும் தனியே ஒரு பென் டிரைவில் வைத்தோம். அதற்கும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைத்திருக்கிறோம். இப்போது மின்சாரம் எத்தனை முறை போய் வந்தாலும் பெட்டி மீண்டும் எழுந்து கொள்கிறது.

நாடா தேயும்போது சிறிது சிறிதாகத் தேய்ந்து நம்மை எச்சரிக்கிறது. எண்களோ எத்தனை முறை கேட்டாலும் தேய்வதில்லை. ஆனால் போனால் ஒரே நொடியில் முழுவதும் போய்விடும். பிரதி எடுப்பது ஒன்றே அதற்குக் காப்பு. எனவே பெற்றோர்களே, தோழியரே! உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கேசட்டுகள் உறங்கிக் கொண்டிருந்தால், இந்த விடுமுறையிலேயே அவற்றை எடுத்துப் பதிந்து வையுங்கள். பதிந்த பின்னும் மூலத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

அந்த நான்கு வினாடிகள் என்னவாயின என்று கேட்கிறீர்களா? ஆறாவது கேசட்டில் அந்த இடம் வரும்போது பெட்டி சற்றே மௌனமாகிறது. அப்போது பாட்டி, தாத்தா சொன்னதைத் தாமே சொல்லி முடிக்கிறார். அவருக்கு அது மனப்பாடம். அடுத்த முறை பாட்டியின் வீட்டுக்குப் போகும்போது, அந்த வாக்கியத்தை அவர் குரலிலேயே பதிந்து கொள்ளப் போகிறோம்.

— அறிவியல் மன்ற மாணவியர்,
11-ஆம் வகுப்பு