அந்தப் பழைய பெட்டியை லாரியில் போடாதீர்கள்!

வாசகர்களே, பழைய பேப்பர் லாரி ஒலிபெருக்கியை அலறவிட்டுக்கொண்டு உங்கள் லயத்துக்கோ தாமானுக்கோ வரும்போது என்னென்ன எடுத்துப் போடுகிறீர்கள்? கட்டுக் கட்டாக நாளிதழ், ஓடாத மின்விசிறி, துருப்பிடித்த சைக்கிள். சரி. அவற்றோடு, பிள்ளைகள் சின்ன வயதில் தொலைக்காட்சியில் மாட்டி விளையாடிய ஒரு பெட்டியும் போகிறதா? பழைய கணிப்பொறி ஒன்றும் போகிறதா? அப்படியானால் லாரிக்காரரைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டு இதைப் படியுங்கள்.

2015ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது இது. கணவரை இழந்த ஒரு பெண்மணி வீட்டுக் கார் கொட்டகையைச் சுத்தம் செய்து, அங்கே கிடந்த பழைய மின்சாதனங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய் மறுசுழற்சி நிலையம் ஒன்றில் இறக்கினார். ரசீது வேண்டுமா என்றார்கள். வேண்டாம் என்று போய்விட்டார். சில வாரங்கள் கழித்துப் பெட்டிகளைப் பிரித்தால், உள்ளே ஓர் 'ஆப்பிள் 1' கணிப்பொறி! 1976இல் ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்தது. கையால் செய்யப்பட்டவை ஏறக்குறைய 200தான். அன்று அதன் விலை 666 டாலர் 66 காசு. நிலையத்தார் அதை 2 லட்சம் டாலருக்கு விற்றார்கள். பாதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மாளைச் செய்தித்தாள் மூலம் தேடினார்கள்.

உடனே பரண்மேல் ஏறிவிடாதீர்கள்! உங்கள் வீட்டுப் பெட்டிக்கு 2 லட்சம் கிடைக்காது. 200 வெள்ளி கிடைத்தாலே பெரிது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய பெட்டிகளைச் சேர்த்து வருகிறேன். புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங் பக்கமெல்லாம் பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கு என் முகம் நன்றாகத் தெரியும். "வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லாபத்துக்காகச் சேர்க்கிற வேலையாக இருந்தால் எப்போதோ விட்டிருப்பேன்.

பின் எதற்கு? என்னிடம் உள்ள ஒன்றைக் காட்டினால் உங்களுக்கே விளங்கும்.

'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்று பெயர். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் வெளியிட்டது. தொடக்க விலை 125 பவுன். ஒரு தடித்த புத்தகத்தின் அளவுதான் இருக்கும். திரை கிடையாது, வீட்டுத் தொலைக்காட்சியில்தான் மாட்ட வேண்டும். அதன் நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட். உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் 3 மெகாபைட் என்று வையுங்கள். அந்தப் படத்தை மட்டும் வைக்க இத்தகைய 48 கிலோபைட் பெட்டிகள் 60க்கு மேல் வேண்டும்! ஆனால் அந்த 48 கிலோபைட்டுக்குள் மாளிகைகள், சுரங்கங்கள், பேய்கள், பந்தயக் கார்கள் எல்லாவற்றையும் அடக்கி விளையாட்டுகள் எழுதினார்கள். எழுதியவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். சிக்கனம் என்றால் அது சிக்கனம்.

இன்னொன்று கேளுங்கள். இதன் விசைகள் ரப்பரால் ஆனவை. பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, முதன்முதலில் அதைத் தொட்டபோது சிரிப்பு வந்தது.

விளையாட்டு எதில் வரும் தெரியுமா? நாம் சினிமாப் பாட்டுக் கேட்ட அதே கேசட்டில்! டேப் ரெக்கார்டரைக் கம்பியால் இணைத்து ஓடவிட வேண்டும். கீச்சென்று காதைத் துளைக்கும் சத்தம். ஐந்து நிமிடம் போலக் காத்திருக்க வேண்டும். இடையில் நாடா வழுக்கினால் மறுபடி முதலிலிருந்து. இப்போது என் மாணவர்களுக்கு ஒரு படம் திறக்க மூன்று வினாடி ஆனாலே முகம் சுருங்குகிறது.

அதே காலத்தில், 1981 கடைசியில், இங்கிலாந்துப் பள்ளிகளுக்கென்று 'பிபிசி மைக்ரோ' என்ற பெட்டி வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்னும் சிறு நிறுவனம் செய்தது. 1984இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் இந்தப் பெட்டியைத்தான் பள்ளிகளுக்குக் கொடுத்துக் கணிப்பொறிப் பாடம் தொடங்கியது. பெட்டி பழையதாகிப் போனது. ஆனால் ஏகார்னில் இருந்த சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் அடுத்த பெட்டிக்காக 1985இல் 'ஆர்ம்' என்ற புதிய செயலியை உருவாக்கினார்கள். உங்கள் சட்டைப் பையில் உள்ள கைப்பேசிக்குள் பெரும்பாலும் அதன் வாரிசுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டன் முகம் பேரனிடம் தெரிவது போல என்று சொல்லலாமா?

நம் தோட்டங்களுக்கு ஸ்பெக்ட்ரம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். உண்மைதான். கணிப்பொறி வேண்டுமென்றால் கோலாலம்பூர் இம்பி பிளாசாவுக்குப் போக வேண்டிய காலம் அது. மாதச் சம்பளத்தில் அரிசிக்கடன் கழித்தபின் யார் போவது? நமக்கு வந்தது 'மைக்ரோ ஜீனியஸ்'. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் (1889இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய அதே நிறுவனம்தான்) 1983 ஜூலையில் 'ஃபாமிக்கோம்' என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதற்கான விளையாட்டுகள் ஓடும்படி தைவானில் செய்த மலிவுப் பெட்டிதான் மைக்ரோ ஜீனியஸ். லயத்தில் ஒரு வீட்டில் இருந்தால் போதும். பத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். மாலையில் இன்ஜின் போட்டால்தான் மின்சாரம். இரவு பத்துக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் அந்த வீட்டு அப்பா செய்தி பார்க்க வேண்டும், அம்மா படம் பார்க்க வேண்டும். மிச்ச நேரத்தில் எத்தனை பேர் முறை எடுத்து விளையாடுவது? கேசட் ஓடவில்லை என்றால் எல்லாரும் வாயால் ஊதுவோம். அது தவறு, எச்சில் ஈரம் பட்டுச் செம்புப் பல் அரித்துப் போகும் என்பது பின்னாளில் தெரிந்தது.

சந்தையில் சில வெள்ளிக்கு விற்ற, கையடக்கமான கட்டை அடுக்கும் விளையாட்டும் நினைவிருக்கும். அதன் மூலம் 'டெட்ரிஸ்'. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் என்பவர் எழுதினார். அவருடைய கணிப்பொறிக்குப் படம் வரையத் தெரியாது. ஆகவே அடைப்புக்குறிகளை அடுக்கிக் கட்டைகளாகக் காட்டினார். இல்லாததை வைத்துச் செய்த வேலை. நம் அம்மாக்களின் சமையல் போல.

இவையெல்லாம் வெறும் விளையாட்டுப் பொருள்தானே என்பீர்கள். அமெரிக்காவின் அட்டாரி நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது. விற்காமல் தேங்கிய விளையாட்டுகளை 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தது. 2014 ஏப்ரலில் அதே குப்பைமேட்டைத் தோண்டினார்கள். சுமார் 1,300 எடுத்தார்கள். அவற்றில் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில்! நம் கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில் பழைய பீரங்கிகளை வைத்திருக்கிறார்கள். போர் செய்த இரும்புக்கு ஓர் இடம் உண்டு. நம் பிள்ளைகள் விளையாடிய பெட்டிக்கு இல்லை.

எனக்குப் பீரங்கியைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அது நம் தமிழ் பற்றியது.

1985இல் நம் நாட்டைச் சேர்ந்த திரு. முத்து நெடுமாறன் 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். பின்னாளில் 2005இல் கைப்பேசிக்குச் 'செல்லினம்' கொண்டுவந்தவரும் இவரே. அந்தத் தொடக்கக் காலத்தில் கணிப்பொறிக்கு ஆங்கிலம்தான் தெரியும். ஓர் எழுத்துருவில் 256 இடங்களே; அதற்குள் தமிழைப் பொருத்த வேண்டும். கொம்பு தனி, கால் தனி என்று பிரித்து வைத்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் விருப்பப்படி எழுத்துகளை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். 1991இலேயே யூனிகோட் என்னும் உலகப் பொது முறையில் தமிழுக்கு இடம் கிடைத்தும், அது நம் கைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. இடையில் தட்டிய தமிழையெல்லாம் இன்றையக் கணிப்பொறியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் என்னிடம் பத்து நெகிழ்வட்டுகள் கொண்டுவந்தார்கள். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) கலைக்கப்பட்டுவிட்ட ஒரு தோட்டத்தின் கோயில் கமிட்டியில் அவர்கள் அப்பா செயலாளர். அவர் காலமாகிவிட்டார். வட்டுகளை மகன் லாரியில் போடப் போனாராம். அவர் அம்மாதான் தடுத்திருக்கிறார். நான்கில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒன்றும் எடுக்க முடியவில்லை. மற்றவற்றை என் பழைய கணிப்பொறியில் போட்டு, பொருத்தமான எழுத்துருவைத் தேடிப் பிடிக்க இரண்டு வார இறுதிகள் ஆயின. திறந்தது. திருவிழா வரிப் பட்டியல். எந்த லயம், எத்தனையாவது கதவு, யார் வீடு, எத்தனை வெள்ளி. சிலர் பெயருக்கு எதிரே 'அடுத்த மாதம் தருவார்' என்று குறிப்பு. அந்த அம்மா திரையில் விரலை வைத்து, ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். லயம் இருந்த இடத்தில் இன்று ஒரு செங்கல்கூட இல்லை. அங்கே யார் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தக் குடும்பத்திடம் உள்ள ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

ஆகவே உங்களிடம் பழைய பெட்டி இருந்தால், ஓடுகிறதா என்று பார்க்க உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். ஜப்பானியப் பெட்டி 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 240 வோல்ட்டில் மாட்டினால் புகைதான் வரும். உள்ளே மின்கலம் இருந்தால் தெரிந்தவரைக் கொண்டு எடுத்துவிடுங்கள். அது கசிந்தால் பலகையையே தின்றுவிடும். சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள், நம் ஊர் ஈரம் பொல்லாதது. கேசட் பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் வார் தார் போல உருகியிருக்கும். ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா!

பெட்டி காத்திருக்கும். நெகிழ்வட்டு காத்திருக்காது. பள்ளி ஆண்டு மலர், கோயில் கணக்கு, தொழிற்சங்கக் கடிதம் என்று எது அதில் இருந்தாலும் இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். மூன்றரை அங்குல வட்டு என்றால் யூஎஸ்பி வழியாக மாட்டும் கருவி வாங்கலாம். ஐந்தேகால் அங்குல வட்டு என்றால் பழைய கணிப்பொறி வைத்திருக்கும் என்னைப் போன்ற ஒருவரைத் தேடித்தான் போக வேண்டும். போகும்போது வட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிடாதீர்கள். எந்த எழுத்துருவில் தட்டியது என்று சில சமயம் அதில் எழுதியிருக்கும்.