பூட்டிய மில்லுக்குள் போகும் முன்...



பாளையம்பட்டி பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு நூல் மில்லை, உரியவர்களிடம் அனுமதி வாங்கி நானும் என் நண்பனும் பார்க்கப் போனோம். அங்கே ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த என் அப்பாவும் துணைக்கு வந்தார். புதிதாகப் போகிறவர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

முதலில் கூரை. ரம்பப் பல் மாதிரி இருக்கும். கண்ணாடி வடக்குப் பக்கம். நேர் வெயில் அதிகம் விழாமல் வெளிச்சம் மட்டும் வரத்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் ஏறவே கூடாது. ஆள் பாரம் தாங்காமல் சட்டென்று உடையும். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

அடுத்து தரை. காற்று காய்ந்தால் நூல் அறும். நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்! அதனால் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய காற்றை மேலே குழாய் வழியாக விடுவார்கள்; அது தரைக்கடியில் உள்ள கால்வாய் வழியாகத் திரும்பும். மில் நின்றுபோனால் கால்வாயின் இரும்பு மூடி துருப்பிடித்துவிடும். நண்பன் அதில்தான் கால் வைத்தான். "டேய், நில்லுடா!" என்று அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தார். மூடி உள்ளே விழுந்தது, நண்பன் தப்பினான்.

எதையும் எடுத்து வரவும் கூடாது. 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்திலிருந்து இருவர் எடுத்துப் போன கருவிக்குள் சீசியம்-137 இருந்தது. நீலமாக மினுங்கிய பொடியைச் சிலர் ஆசையாக வீட்டுக்குக் கொண்டு போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள்.

"கால்வாய் அங்கே இருக்குன்னு எப்படிப்பா தெரிஞ்சது?" என்று கேட்டேன். "அது மேலதானே இத்தனை வருஷம் நின்னேன்" என்றார்.

போகிற நண்பர்களே, அங்கே வேலை பார்த்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.