ஒரே விதி, பல நாடுகள்

பினாங்குப் பாலத்தைக் கடக்கும் வாகனங்களைச் சற்றுக் கவனியுங்கள். புரோட்டோன், பெரோடுவா கார்களோடு ஜப்பான், ஜெர்மனி, கொரியா நிறுவனங்களின் கார்களும் ஜார்ஜ்டவுனை நோக்கிச் செல்கின்றன. விடுமுறைக் காலத்தில் தாய்லாந்து எண் பட்டை கொண்ட வாகனங்களையும் காணலாம். இவற்றின் பிரேக், விளக்கு, இருக்கைப்பட்டை ஆகியவை தரமானவை என்பதை எப்படி உறுதி செய்வது?

முன்பு ஒவ்வொரு நாடும் தனித்தனி விதிகளை வகுத்துக்கொண்டது. ஒரு நாட்டில் தேர்ச்சி பெற்ற கார், மற்றொரு நாட்டில் மீண்டும் சோதிக்கப்பட்டது. இதனால் காலமும் பணமும் விரயமாயின. அந்தச் செலவு இறுதியில் காரை வாங்குபவரின் தலையில்தான் விழுந்தது.

இச்சிக்கலைத் தீர்க்க, 1958ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின்கீழ் ஓர் ஒப்பந்தம் உருவானது. ஒரு நாடு ஒரு பாகத்தைச் சோதித்து ஒப்புதல் அளித்தால், அதே விதியைப் பின்பற்றும் பிற உறுப்பு நாடுகளும் அதை ஏற்கும் என்பதே அதன் சாரம். மலேசியா 2006ஆம் ஆண்டில் இதில் இணைந்தது.

காரின் முகப்பு விளக்கை உற்று நோக்கினால், சிறு வட்டத்திற்குள் 'இ' என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த எண், ஒப்புதல் அளித்த நாட்டைக் குறிக்கும். ஜெர்மனிக்கு 1, ஜப்பானுக்கு 43, மலேசியாவுக்கு 52.

பொது விதி என்பதால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. நாம் சாலையின் இடப்பக்கம் வாகனம் ஓட்டுகிறோம். ஜெர்மானியர் வலப்பக்கம் ஓட்டுகின்றனர். அங்குள்ள விளக்கை அப்படியே இங்குப் பொருத்தினால், அதன் ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். எனவே, இரு வகைச் சாலைகளுக்கும் ஏற்ற அளவுகளை விதியே வகுத்துள்ளது.

புகை வெளியேற்றத்திற்கும் அளவுகோல் உண்டு. ஆனால், வாகனம் மட்டும் மேம்பட்டால் போதாது. எரிபொருளும் மேம்பட வேண்டும். எரிபொருளில் உள்ள கந்தகம், புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியின் திறனைக் குறைத்துவிடும். ஆகவே, மலேசியாவில் 2020ஆம் ஆண்டு முதல் ரோன் 95 பெட்ரோல் யூரோ 4எம் தரத்திற்கும், 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் டீசல் யூரோ 5 தரத்திற்கும் உயர்த்தப்பட்டன. யூரோ 5 டீசலில் பத்து இலட்சம் பங்குக்குப் பத்துப் பங்கு கந்தகமே இருக்கலாம்.

இத்தனை விதிகள் இருந்தும் விபத்துகள் ஏன் நிகழ்கின்றன? சோதனைக்கூடத்தில் தேறிய இருக்கைப்பட்டை, அணியாதவரைக் காப்பாற்றாது. பின்னிருக்கையில் அமர்வோரும் பட்டை அணிய வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சட்டம். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தரமான தலைக்கவசமாயினும், அதன் வாரைப் பூட்டாவிட்டால் விபத்தின்போது கழன்று விழுந்துவிடும்.

பல நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த விதி, நாம் வாரைப் பூட்டும் அந்த ஒரு நொடியில்தான் பயன் தருகிறது.